டி டிரைவைக் காணோமா? பதறாதீர்கள்!

கம்ப்யூட்டரைத் திறக்கிறீர்கள். நேற்று வரை இருந்த டி டிரைவைக் காணோம்!

மகளின் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. தாத்தா பேசிய பேச்சு அதில்தான் இருந்தது. கடைக் கணக்கு இருந்தது. பையனின் சான்றிதழ் நகல்கள் இருந்தன.

என்ன நடந்தது? சி டிரைவில் இடம் போதவில்லை. "டி டிரைவில் கொஞ்சம் வெட்டி, சி டிரைவில் ஒட்டிவிடலாம்" என்று யாரோ சொன்னார்கள். அதற்கென்று ஒரு மென்பொருளை இன்டர்நெட்டில் இருந்து இறக்கினார்கள். அது பாதி வேலையில் பிழை என்று சொல்லி நின்றுவிட்டது.

இப்போது திரையில் ஒரு பெட்டி தெரிகிறது. "இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யலாமா?" என்று அது கேட்கிறது.

உங்கள் கை "ஆம்" என்ற பொத்தானை நோக்கிப் போகிறது.

நிறுத்துங்கள்!

உங்கள் படங்கள் இன்னும் போகவில்லை. பெரும்பாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்த பத்திரம்தான் கெட்டுப் போயிருக்கிறது.

என் கருத்து இதுதான். முதலில் வரும் பிழையால் பொருள் போவது குறைவு. அந்தப் பிழையைத் திருத்தப் போய் அவசரமாகச் செய்கிற இரண்டாவது காரியத்தால்தான் பொருள் போகிறது. "பதறாத காரியம் சிதறாது" என்றார்கள் பெரியவர்கள். கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தும்.

ஏன் என்று சொல்கிறேன். கேளுங்கள்.

டிஸ்க்கிலும் பாகப்பிரிவினை!

அப்பாவுக்கு ஓர் ஏக்கர் நிலம். இரண்டு பிள்ளைகள். நிலத்தைப் பிரிக்கிறார்கள். "இந்தக் கல்லில் தொடங்கி இத்தனை அடி வரை மூத்தவனுக்கு. அதற்கு அப்பால் இளையவனுக்கு" என்று பத்திரம் எழுதுகிறார்கள்.

ஹார்டு டிஸ்க்கிலும் இதே கதைதான். உள்ளே இருப்பது ஒரே டிஸ்க். அதைச் சி என்றும் டி என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். இப்படிப் பிரித்த பாகத்துக்குப் "பார்ட்டிஷன்" என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் சுவர் எதுவும் கிடையாது. எழுத்தில் உள்ள எல்லைதான்.

முதல் டிஸ்க் 1956-ல் வந்தது. அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி செய்தது. அதில் 50 தட்டுகள். ஒவ்வொரு தட்டும் 24 அங்குல அகலம். அவ்வளவு பெரிய இயந்திரத்தில் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கின. இன்று செல்போனில் எடுக்கிற ஒரு நல்ல படத்துக்கே ஏறக்குறைய அவ்வளவு இடம் வேண்டும்!

1983-ல் அதே கம்பெனி, மேஜைக் கம்ப்யூட்டரில் 10 மெகாபைட் டிஸ்க்கை வைத்து விற்றது. டிஸ்க்கைப் பாகம் பிரித்து எழுதுகிற பத்திர முறையும் அப்போது வந்தது. அந்த முறை இன்றும் பல வீடுகளில் இருக்கிறது.

பத்திரம் சின்னது, சொத்து பெரியது

அந்தப் பத்திரம் எவ்வளவு பெரியது தெரியுமா?

ஓர் ஆங்கில எழுத்துக்கு ஆகும் இடம் ஒரு பைட். டிஸ்க்கின் முதல் கட்டம் 512 பைட். அதற்குள் பத்திரம் இருக்கும் இடம் வெறும் 64 பைட்! நாலே நாலு வரிகள். ஒரு வரிக்கு 16 பைட். "இந்தப் பாகம் இங்கே தொடங்குகிறது, இவ்வளவு நீளம், இன்ன வகை" என்பதுதான் ஒவ்வொரு வரியிலும் இருக்கும் சங்கதி.

இன்று கடையில் சாதாரணமாக விற்கும் டிஸ்க் 1 டெராபைட். அதாவது 1 லட்சம் கோடி பைட். 1 லட்சம் கோடி எங்கே, 64 எங்கே!

வெளியார் மென்பொருள் தவறு செய்யும்போது பல நேரம் கெடுவது அந்தச் சின்னப் பத்திரம்தான். பத்திரம் எரிந்து போனால் நிலம் மறைந்து விடுமா? வரப்பும் பயிரும் அங்கேயே இருக்கும். ஆனால் யாருடையது, எது வரை என்று தாலுகா ஆபீசில் சொல்ல முடியாது. விண்டோஸின் நிலைமையும் அதுதான். பத்திரத்தைப் பார்க்கிறது. புரியவில்லை. உடனே "இங்கே ஒன்றும் இல்லை" என்கிறது.

பழைய பத்திரத்தில் இன்னொரு குறை உண்டு. 2 டெராபைட்டுக்கு மேல் அளந்து எழுத அதனால் முடியாது. ஆகவே ஜி.பி.டி. என்ற புதிய முறை வந்தது. அதில் வழக்கமாக 128 பாகங்கள் வரை எழுதலாம். பத்திரத்தின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியில் தானாகவே இருக்கும். எழுத்து கெட்டிருக்கிறதா என்று சரி பார்க்கிற கணக்கும் உண்டு. முன் பத்திரம் கெட்டால் பின் பத்திரத்தை வைத்துச் சரி செய்யலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மென்பொருள் இரண்டு பத்திரத்தையும் சேர்த்துத் தப்பாக எழுதிவிட்டால், நகல் இருந்தும் பயன் இல்லை.

வெளியார் ஏன் வருகிறார்?

விண்டோஸிலேயே பாகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. 2007-ல் வீடுகளுக்கு வந்த விஸ்டா முதல் அது இருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று பெயர்.

ஆனால் அது ஒரு கண்டிப்பான அதிகாரி. சி-யைப் பெரிதாக்க வேண்டுமானால், சி-க்கு அடுத்தாற்போல் வலப்பக்கம் காலி இடம் இருக்க வேண்டும். நடுவில் வேறு பாகம் இருந்தால் "முடியாது" என்று சொல்லிவிடும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சி-க்கு அடுத்து டி இருக்கும். அல்லது விண்டோஸ் கெட்டால் காப்பாற்றுவதற்கென்று ஒரு சின்னப் பாகம் இருக்கும்.

ஆகவே மக்கள் வெளியார் மென்பொருளைத் தேடுகிறார்கள்.

சில சமயம் விண்டோஸே மக்களை இந்த வேலைக்குத் தள்ளியதும் உண்டு. 2024 ஜனவரி 9-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் அனுப்பியது. அந்தக் காப்புப் பாகத்தில் போதிய இடம் இல்லாத கம்ப்யூட்டர்களில் அது ஏறவில்லை. பிழை எண்தான் வந்தது. "காப்புப் பாகத்தை நீங்களே பெரிதாக்கிக் கொள்ளுங்கள்" என்று கம்பெனி வழிமுறை வெளியிட்டது. படிப்படியாக ஆங்கிலத்தில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். வீட்டில் கணக்கு எழுதவும் படம் பார்க்கவும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் இதை எப்படிச் செய்வார்? இப்படிப்பட்டவர் "ஒரே கிளிக்கில் முடியும்" என்று சொல்லுகிற மென்பொருளை நாடுவதில் வியப்பு என்ன?

எல்லா வெளியார் மென்பொருளும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஜிபார்ட்டெட் என்று ஒன்று 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அனுபவசாலிகள் அதை நம்பிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கத்தி நல்லது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாமா?

எல்லைக் கல்லை நகர்த்துவது விளையாட்டா?

டி-யின் தொடக்கத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ள வேண்டும். கேட்க எளிது. ஆனால் உள்ளே நடப்பது என்ன?

டி-யில் உள்ள பொருளை ஒவ்வொரு கட்டமாகத் தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். லட்சக்கணக்கான கட்டங்கள்! மணிக்கணக்கில் ஆகும். நடுவில் மின்சாரம் போனால்? பாதிச் சாமான் பழைய வீட்டில். பாதி புது வீட்டில். பத்திரம் எந்த வீட்டைச் சொல்லும்?

இன்னொரு சங்கடமும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் முதல் பாகம் 63-வது கட்டத்தில் தொடங்கும். விஸ்டா முதல் அது 2048-வது கட்டத்துக்கு மாறியது. பழைய மென்பொருள்கள் பல இந்தப் புது வழக்கம் அறியாதவை. பார்ட்டிஷன் மேஜிக் என்று ஒன்று ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. அதை வைத்திருந்த கம்பெனியை 2003-ல் சைமன்டெக் வாங்கியது. பிறகு அந்த மென்பொருள் வளரவில்லை. அப்படிப்பட்ட பழைய மென்பொருளைப் புது டிஸ்க்கில் ஓட்டினால் என்ன ஆகும்? ஒழுங்காக இருக்கிற பத்திரத்தைப் பார்த்தே "இது தப்பு, திருத்தட்டுமா?" என்று கேட்கும். பழைய முழக்கோலை வைத்துக்கொண்டு மீட்டர் கணக்கைத் திருத்தப் போவது போல!

கோளாறு எத்தனை வகை?

டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். பார்ப்பதால் கெடுதல் இல்லை. தொடக்கப் பொத்தானில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தினால் அந்தப் பெயர் பட்டியலில் வரும். "டிஸ்க்கைத் தொடங்கி வைக்கட்டுமா?" என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது வெற்றுப் பத்திரம் எழுதிவிடும்.

முதல் வகை: டி இருந்த இடம் நீலக் கோட்டுடன் ஒழுங்காக இருக்கிறது. பக்கத்தில் டி என்ற எழுத்து மட்டும் இல்லை. இது கோளாறே அல்ல. வீட்டு எண் பலகை விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அங்கேயே எழுத்தைத் திரும்பக் கொடுக்கலாம்.

இரண்டாவது வகை: டி இருந்த இடத்தில் கறுப்புக் கோடு. யாருக்கும் ஒதுக்காத இடம் என்று சொல்கிறது. பத்திரத்தில் அந்த வரி போய்விட்டது. இதை மீட்க நல்ல வழி உண்டு.

மூன்றாவது வகை: பாகம் இருக்கிறது. ஆனால் "ரா" என்று காட்டுகிறது. எல்லை தெரிகிறது; உள்ளே இருக்கிற பேரேடு புரியவில்லை என்று அர்த்தம். "ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்பது இதில்தான்.

நாலாவது வகை: இரண்டு பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அண்ணன் பத்திரத்திலும் தம்பி பத்திரத்திலும் அதே பத்து சென்ட் இருந்தால் வழக்கு வருமா, வராதா? இந்த நிலையில் ஜிபார்ட்டெட் டிஸ்க் முழுவதையும் காலி என்றே காட்டும். காலி என்று காட்டினாலும் அது காலி அல்ல. பயப்படாதீர்கள்.

ஐந்தாவது வகை: சாமான் பாதி நகர்ந்த நிலை. இதுதான் கடினமானது. வீட்டில் கை வைக்காதீர்கள். அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.

இனி என்ன செய்யலாம்?

ஒன்று. எல்லாக் கேள்விக்கும் "வேண்டாம்" என்று பதில் சொல்லுங்கள். ஃபார்மட் வேண்டாம். புதிதாக எதையும் அந்த டிஸ்க்கில் ஏற்ற வேண்டாம். அதே மென்பொருளை மறுபடி ஓட்ட வேண்டாம்.

இரண்டு. திரையில் உள்ளதைச் செல்போனில் படம் எடுங்கள். பிழை எண், மென்பொருளின் பெயர், அதனிடம் என்ன செய்யச் சொன்னீர்கள் என்பதைக் காகிதத்தில் எழுதுங்கள். நாளைக்கு உதவ வருபவருக்கு இதுதான் முதல் தடயம்.

மூன்று. கம்ப்யூட்டரை அணைத்து விடுங்கள். சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கில் இருந்தால், விண்டோஸ் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த டிஸ்க்கில் ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கில் "டிக் டிக்" என்று சத்தம் கேட்டால் இன்னும் ஜாக்கிரதை! இயந்திரமே பழுதாகி இருக்கலாம். அப்போது எந்த மென்பொருளும் ஓட்டக் கூடாது.

நாலு. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்கில், முழு டிஸ்க்கையும் கட்டத்துக்குக் கட்டம் நகல் எடுங்கள். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். எது மூலம், எது நகல் என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள். மாற்றிச் செய்துவிட்டால் மூலம் அழிந்துவிடும்! இது தெரியாதவர்கள் தெரிந்தவரை வைத்துச் செய்வது நல்லது.

ஐந்து. மூலத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, நகலில் தேடுங்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் உண்டு. கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார். பத்திரத்தை நம்பாமல், அது டிஸ்க் முழுவதும் நடந்து போய்ப் பழைய எல்லைக் கற்களைத் தேடும். என்.டி.எஃப்.எஸ். என்ற விண்டோஸ் முறையில், பாகத்தின் முதல் கட்டத்துக்கு ஒரு நகல் அந்தப் பாகத்தின் கடைசியிலேயே இருக்கிறது. ஆகவே தலைக்கல் போனாலும் கடைக்கல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறது.

அது கண்டுபிடித்த பாகத்தில் உங்கள் கோப்புகளின் பெயர்களைக் காட்டச் சொல்லுங்கள். பெயர்கள் தெரிந்தால் சரியான பாகம் என்று அர்த்தம். முதலில் வேண்டியவற்றை வேறு டிஸ்க்குக்கு எடுத்துக் கொள்ளுங்கள். பிறகு பத்திரம் எழுதுவதைப் பார்க்கலாம்.

பெயர்களே தெரியவில்லையா? அதே ஆசிரியரின் ஃபோட்டோரெக் இருக்கிறது. அது படங்களை உருவம் பார்த்துப் பொறுக்கி எடுக்கும். பெயரும் தேதியும் போய்விடும். ஆனாலும் தாத்தாவின் படம் கிடைத்தால் போதாதா? பெயரை நாம் எழுதிக் கொள்ளலாம்.

ஆறு. செக்டிஸ்க் என்ற விண்டோஸ் திருத்தக் கட்டளை கடைசியில்தான். பலர் இதை முதலில் ஓட்டுகிறார்கள். இதுதான் பெரிய அபாயம்! செக்டிஸ்க் ஒரு கறாரான கணக்குப்பிள்ளை. பேரேட்டையும் நிலத்தையும் ஒத்துப் பார்த்து, ஒத்து வராததை அடித்துவிடும். எல்லையே தப்பாக இருக்கும்போது ஒத்துப் பார்த்தால், சரியான கணக்கைத்தான் அடிக்கும். முதலில் எல்லை, பிறகுதான் கணக்கு.

புது வகை டிஸ்க்குக்குத் தனி எச்சரிக்கை

இப்போது எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க் வந்திருக்கிறது. பழைய டிஸ்க்கில் தெரியாமல் ஃபார்மட் செய்தாலும் பல நேரம் மீட்க வழி இருந்தது. எஸ்.எஸ்.டி.யில் அப்படி அல்ல. ஃபார்மட் செய்தவுடன், "இந்த இடங்கள் எல்லாம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். டிஸ்க் அவற்றைத் தானே துடைத்துவிடும். பிறகு எந்தக் கெட்டிக்காரர் வந்தாலும் அநேகமாகப் பயன் இல்லை. ஆகவே எஸ்.எஸ்.டி. உள்ளவர்கள் அந்த "ஆம்" பொத்தானுக்கு இரண்டு மடங்கு பயப்பட வேண்டும்.

இன்னொன்று. பல மடிக்கணினிகளில் பிட்லாக்கர் என்ற பூட்டு இருக்கிறது. அதற்கு 48 இலக்கச் சாவி உண்டு. பாகத்தில் கை வைத்தால் அந்தச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லாவிட்டால், டிஸ்க் முழுவதையும் மீட்டாலும் பூட்டிய பெட்டியைத்தான் மீட்டதாகும். அந்த எண்ணை இன்றே எடுத்துக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

கடைக்காரரிடம் கேளுங்கள்

"எனக்கு இதெல்லாம் வராது. கடையில் கொடுத்து விடுகிறேன்" என்கிறீர்களா? தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கொடுக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள்.

"முதலில் முழு நகல் எடுப்பீர்களா?"

"வேலையை மூலத்தில் செய்வீர்களா, நகலில் செய்வீர்களா?"

"மீட்க முடியாவிட்டால் என்ன கூலி?"

"வேலை முடிந்ததும், உங்களிடம் இருக்கும் எங்கள் வீட்டு நகலை எங்கள் எதிரில் அழிப்பீர்களா?"

நாலாவது கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் எதற்கு? அது உங்கள் வீட்டுப் பெண்களின் படம். உங்கள் பாங்குக் கணக்கு. நல்ல கடைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரிடம் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

டி டிரைவ் பெட்டகம் அல்ல!

"சி-யில் இருந்தால் ஆபத்து. டி-யில் போட்டேன், பத்திரமாக இருக்கும்" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். இது பெரிய மயக்கம்.

ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள்தான் சி-யும் டி-யும். விண்டோஸைத் திரும்ப ஏற்றும்போது டி தப்பலாம். அவ்வளவுதான் லாபம். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்து போகும். ஒரே வண்டியில் அண்ணனும் தம்பியும் ஏறினால், வண்டி கவிழ்ந்தால் ஒருவன் மட்டும் தப்புவானா?

தனியாக ஒரு டிஸ்க் வாங்குங்கள். மாதம் ஒரு நாள் நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள். "அதற்குப் பணம் ஆகுமே" என்பீர்கள். ஆகும். ஆனால் கெட்ட டிஸ்க்கில் இருந்து மீட்பதற்குக் கேட்கும் கூலி பெரும்பாலும் அதைவிட அதிகம். பணம் கொடுத்தும் கிடைக்காமல் போவது உண்டு.

வெட்டித்தான் ஆக வேண்டுமா?

சி நிறைந்துவிட்டது என்றால், எல்லையை நகர்த்துவது கடைசி வழி. முதலில் வேண்டாததை நீக்குங்கள். படங்களையும் பாட்டுகளையும் சி-யில் இருந்து எடுத்து டி-யில் வையுங்கள். அடுப்படியில் இடம் இல்லை என்றால் மூட்டையைக் கூடத்துக்கு மாற்றுவோம். சுவரையா இடிப்போம்?

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒழுங்காகச் செய்யுங்கள். முதலில் முழு நகல். பிட்லாக்கர் இருந்தால் அதை நிறுத்தி வையுங்கள். விண்டோஸின் சொந்த வசதியால் முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மட்டும், இன்றைய விண்டோஸுக்கு ஏற்ற புதிய மென்பொருள். மடிக்கணினி என்றால் சார்ஜரில் மாட்டியபடி. மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் யு.பி.எஸ். இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அது முடிந்து, கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த பிறகே அடுத்தது.

பெட்டியின் பேச்சு மாற வேண்டும்

கடைசியாக, இந்த மென்பொருள்களைச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

பேரேடு புரியாத டிஸ்க்கைக் கண்டதும் "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஏன் சொல்கிறீர்கள்? புதிதாக எழுத்தறிந்த ஒரு தாய் அதைப் படித்தால், அது கட்டளை என்றுதான் நினைப்பாள். பள்ளிப் பிள்ளை படித்தால் யோசிக்காமல் அழுத்துவான். "இந்த டிஸ்க் எனக்குப் புரியவில்லை. இதில் உங்கள் பொருள் இருக்கலாம். ஃபார்மட் செய்தால் அது போய்விடும்" என்று முதலிலேயே, பெரிய எழுத்தில், அவரவர் மொழியில் சொன்னால் என்ன குறைந்து போகும்? மருந்துப் புட்டியில் "விஷம்" என்று எழுதுவது போல இதையும் எழுத வேண்டும்.

வெளியார் மென்பொருள் விற்பவர்களும் "ஒரே கிளிக்" என்று ஆசை காட்டுவதை விட வேண்டும். "முதலில் நகல் எடுத்தீர்களா?" என்று கேட்டு, எடுக்காவிட்டால் வேலையைத் தொடங்க மறுக்க வேண்டும்.

அவர்கள் மாறும் வரை நாம் ஜாக்கிரதையாக இருப்போம்.

எழுத்துத் தெரியாத காலத்தில், காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்கள் எத்தனையோ பேர். அதனால்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிக் கொடுத்தோம்.

"ஆம்" என்ற பொத்தானும் ஒரு கையெழுத்துதான். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: புரியாத பெட்டிக்கு "வேண்டாம்" என்று சொல். பிறகு கம்ப்யூட்டரை அணை. பிறகு தெரிந்தவரைக் கேள்.